தேர்வுக்கு 19 நாள்தான், உட்கார்ந்தாலும் படிப்பு ஓடவில்லை: சட்டம் படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

லயத்துவீடு | இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். நான் சட்டம் முதல் ஆண்டு. வகுப்பெல்லாம் முடிந்து, தேர்வு விடுப்பில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கிறேன். நான்கு தாள்: ஒப்பந்தச் சட்டம், அரசியலமைப்பு, டோர்ட் (பிறருக்குச் செய்த தீங்குக்கு ஈடு கேட்கிற சட்டம்), மலேசியச் சட்ட முறைமை.

எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர். அப்பா செம்பனையில் குலை வெட்டப் போகிறார், அம்மா பட்டணத்தில் ஒரு கடையில் வேலை, தம்பிகள் இரண்டு பேரும் பள்ளி விட்டு வந்தால் வீடு வீடாக இருக்காது. நான் படிக்கிற மேசை சமையல் மேசைதான். அட்டவணை மூன்று தடவை போட்டுவிட்டேன், பாடத்துக்கு ஒரு நிறம் என்று அழகாகப் போட்டது இரண்டாவது நாளே உடைந்துவிடுகிறது, உடைந்ததும் மனசு விட்டுப்போய் அன்றைக்கு முழுக்க எதையும் தொடுவதில்லை, அப்புறம் ராத்திரி உட்கார்ந்து புதிதாக இன்னோர் அட்டவணை போடுகிறேன்.

இடைத்தேர்வில் ஒப்பந்தச் சட்டத்தில் 40க்கு 17. விரிவுரையாளர் தாளின் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: “சட்டத்தை எழுதியிருக்கிறாய், பதிலை எழுதவில்லை.” அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

எங்கள் தோட்டத்தில் வக்கீலுக்குப் படிக்கிற முதல் பிள்ளை நான். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனால் “வக்கீலம்மா வந்துட்டாங்க” என்கிறார்கள். பாசத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் கேட்டதும் வயிற்றைப் பிசைகிறது. இந்த 19 நாளும் ஆர்வம் குறையாமல் இருக்க என்ன செய்வது?

*

நிரைக்காரன் | இரவு 11:58

தங்கச்சி, நான் வக்கீல் ஆவதற்கான சி.எல்.பி. தேர்வு எழுதுகிறவன். ஐந்து தாளில் ஒன்றில் விட்டுவிட்டு, இப்போது சாட்சியச் சட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உன் நிலைமை எனக்குத் தெரியும்.

உன் கேள்வியில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றச் சொல்வேன். ஆர்வத்தைத் தேடாதே. எங்கள் அப்பா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும், பேர் கூப்பிடுவார்கள், “இருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். முப்பது வருஷமும் ஆர்வத்தோடா எழுந்து போனார்? மழைக்காலத்தில் கொசுக்கடியில், முதல் நாள் ராத்திரி காய்ச்சல் அடித்த உடம்போடும் போனார். பேர் கூப்பிடுவார்கள் என்பதால் எழுந்தார். எழுந்து போய் முதல் மரத்தில் கத்தியை வைத்த பிறகு மற்றது தானாக ஓடியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. வேலையை மேற்பார்க்கிற தண்டல் யாரையும் பார்த்து “போய்த் தோட்டத்தை முடி” என்று அனுப்பியதில்லை. இந்த நிரை உன்னுடையது, இத்தனை மரம், அவ்வளவுதான். உன் அட்டவணையில் “காலை 8 முதல் 12 வரை ஒப்பந்தச் சட்டம்” என்றுதானே இருக்கும்? அது தோட்டம். நிரை என்றால், “மைனர் செய்த ஒப்பந்தம், 2019 தாள் கேள்வி 3, புத்தகத்தை மூடிவைத்து எழுதுவது.” அது முடிந்ததா இல்லையா என்று உனக்கே தெரியும். முன்னது எப்போது முடியும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

*

கிராணி_மகன் | நள்ளிரவு 12:20

நான் நான்காம் ஆண்டு. மேலே அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கு பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதல் வேலையாகப் பழைய கேள்வித்தாள்களை எடு. ஐந்து வருஷத் தாள் நூலகத்தின் இணையத்தில் கிடைக்கும். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் தலைப்புகள், மேலே வருஷங்கள். எந்தக் கேள்வி எந்தத் தலைப்பு என்று பார்த்துக் குறி. ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதை முடித்ததும் பாதிப் பயம் போய்விடும், ஏனென்றால் கடல் மாதிரி தெரிந்த பாடம் பத்துப் பன்னிரண்டு தலைப்புக்குள் அடங்கிவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தக் கட்டத்தைப் பார்த்து, “இந்த வருஷம் இது வராது” என்று தலைப்பை வெட்டாதே. நான்கு கேள்வி எழுத வேண்டிய தாளுக்கு நான்கே தலைப்பு படித்துக்கொண்டு போன நண்பன் ஒருவன், இரண்டு தலைப்பு ஒரே கேள்விக்குள் சேர்ந்து வந்ததும் அப்படியே பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான்கு வேண்டுமானால் குறைந்தது ஆறு தலைப்பு தயார் செய்.

நேரக் கணக்கு: மூன்று மணி நேரம், நான்கு கேள்வி என்றால் ஒன்றுக்கு 45 நிமிஷம். கேள்வியைப் படிக்க, குறிப்புப் போட ஐந்து நிமிஷம் கழித்தால் எழுத 40. வீட்டில் 40 நிமிஷம் வைத்து எழுதிப் பார்க்காதவருக்கு மண்டபத்தில் அந்த 40 நிமிஷம் எவ்வளவு சின்னது என்று தெரியாது.

*

நீலமை | காலை 7:15

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நானும் முதல் ஆண்டுதான். குறிப்பே இன்னும் முடிக்கவில்லை, டோர்ட்டில் பாதிதான் எழுதியிருக்கிறேன். குறிப்பை முடிக்காமல் எப்படிப் பழைய கேள்விக்குப் போவது? ஒன்றும் தெரியாமல் எழுதினால் மனசு இன்னும் உடைந்துபோகாதா? எனக்கு நிறம் போட்டுக் குறிப்பு எழுதினால்தான் மனசில் நிற்கிறது.

*

கரும்பலகை | காலை 7:50

நான் சட்டம் படித்தவள் இல்லை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

நீலமை, நிறம் போட்டு எழுதும்போது மனசில் நிற்கிற மாதிரி தெரிவது உண்மை. ஆனால் அது நிற்பது எவ்வளவு நாள்? 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. திரும்பப் படிக்கும்போது வருகிற அந்த “தெரியும்” என்ற உணர்வு நம்மை ஏமாற்றிவிடுகிறது. என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடமும் இதைத்தான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

மனசு உடையும் என்கிறீர்களே, உடையட்டும். இன்றைக்கு வீட்டில் உடைந்தால் நாளைக்கு ஒட்ட நேரம் இருக்கிறது.

*

ஈப்போ_ரோடு | மதியம் 1:05

லயத்துவீடு தங்கச்சிக்கு. நான் ஈப்போவில் வழக்கறிஞராக இருக்கிறேன், நானும் தோட்டத்துப் பிள்ளைதான். சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

“சட்டத்தை எழுதியிருக்கிறாய், பதிலை எழுதவில்லை.” இந்த வரியை உன் மேசைக்கு எதிரில் ஒட்டிவை. 17 மதிப்பெண் தாள் உனக்குக் கொடுத்ததிலேயே பெரிய உதவி இதுதான். முதல் ஆண்டில் முக்கால்வாசிப் பேர் செய்வது, கேள்வியில் “ஏற்பு” (ஒருவர் முன்மொழிந்ததை மற்றவர் ஒப்புக்கொள்வது) என்று கண்ணில் பட்டதும் ஏற்பைப் பற்றித் தெரிந்த அத்தனையும் கொட்டிவிடுவது. கேள்வியில் வருகிற ஆள், அவர் அனுப்பிய கடிதம், அந்தத் தேதி, எதையும் தொடுவதில்லை.

ஒரு வழக்கை எடுத்துக் காட்டுகிறேன். இக்னேஷியஸ் எதிர் பெல், 1913. ஒரு நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு இருக்கிறது, 1912 ஆகஸ்ட் 20க்குள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அவர் ஆகஸ்ட் 16 அன்று கிள்ளானில் பதிவுத் தபாலில் கடிதம் போடுகிறார். மற்றவர் ஊரில் இல்லை, கடிதம் 25ஆம் தேதி மாலைதான் அவர் கைக்குப் போகிறது. கெடு தாண்டிவிட்டதா? இல்லை, தபாலில் போட்ட 16ஆம் தேதியே ஏற்பு முடிந்துவிட்டது என்பது தீர்ப்பு. ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 4(2) சொல்வதும் அதுதான்: முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை, ஏற்பவர் கையை விட்டுப் போனதும் ஏற்பு முழுமையாகிறது. ஏற்றவரைப் பொறுத்தவரை, அது மற்றவருக்குத் தெரியவந்த பிறகுதான். இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் தேர்வுக் கேள்வி உட்கார்ந்திருக்கும். ஏற்றவர் நடுவில் போன் போட்டு “வேண்டாம்” என்று சொன்னால்? அதைத்தான் கேட்பார்கள்.

இப்போது நீ செய்ய வேண்டியது, பிரிவை ஒப்பிப்பது இல்லை. கேள்வியில் இருக்கிற கமலாவோ அகமதுவோ எந்தத் தேதி தபாலில் போட்டார், எந்தத் தேதி போன் போட்டார், அந்தத் தேதிகளைப் பிரிவோடு ஒட்டவைத்து வாக்கியம் எழுது. பிரச்சினை என்ன, சட்டம் என்ன, இந்த ஆளுக்கு அது எப்படிப் பொருந்துகிறது, ஆகவே என்ன. மூன்றாவதுதான் நீளமாக இருக்க வேண்டும். உன் தாளில் இரண்டாவது நீளமாக இருந்திருக்கும், பார்க்காமலே சொல்கிறேன்.

அப்புறம் நம்ம ஊர்த் தாளில் பிள்ளைகள் விழுகிற குழி ஒன்று. கன்சிடரேஷன், அதாவது மறுபயன்: ஒரு வாக்குக்குப் பதிலாகக் கிடைப்பது. ஆங்கிலச் சட்டத்தில் கடந்துபோன மறுபயன், அதாவது வாக்குக் கொடுப்பதற்கு முன்பே செய்து முடித்தது, செல்லாது. ராஸ்கோர்லா எதிர் தாமஸ், 1842, குதிரையை விற்று முடித்த பிறகு “குணமான குதிரை” என்று கொடுத்த வாக்கு கட்டுப்படுத்தாது. இதை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். நம் சட்டத்தில் பிரிவு 2(டி), மறுபயனைச் சொல்லும்போது “செய்திருக்கிறார்” என்று முன்பே செய்ததையும் சேர்த்தே சொல்கிறது, கெப்போங் பிராஸ்பெக்டிங் எதிர் ஷ்மிட் வழக்கில் 1968இல், அப்போது நம் கடைசி மேல்முறையீடு போன லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை ஏற்றுக்கொண்டது. ஆங்கில வழக்கை எழுதி, நம் சட்டம் எங்கே விலகுகிறது என்று காட்டினால் மதிப்பெண் அங்கேதான் ஏறும். நம் சட்டம் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது, அதனால் இந்திய வழக்குகளையும் ஒதுக்காதே. மெட்ராஸ் வழக்கு ஒன்று இருக்கிறது, வெங்கட சின்னையா, 1881. அதை எடுத்துப் படி, உனக்குப் பிடிக்கும்.

மற்றபடி தூக்கத்தைக் குறைக்காதே. பதினான்கு மணி நேரம் படித்தேன் என்று யாராவது இங்கே எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போ.

*

கிராணி_மகன் | மதியம் 1:40

அக்கா, பதினான்கு மணி நேரம் பற்றி நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். தேர்வுக்கு முந்தின வாரம் நானே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், பலன் இருந்தது. ஆனால் அது எழுதிப் பழகிய பிறகு. தொடக்கத்திலேயே அப்படி உட்கார்ந்தால் உடம்பு தாங்காது என்பது சரிதான்.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவையும் இருக்கின்றன, அதை யாரும் மறுக்க முடியாது. சிவில் சட்டம் 1956, பிரிவு 3இன் கெடுத் தேதிகள், அதாவது எந்தத் தேதி வரையிலான ஆங்கிலச் சட்டம் நமக்குப் பொருந்தும் என்பது: தீபகற்பத்துக்கு 7 ஏப்ரல் 1956, சபாவுக்கு 1 டிசம்பர் 1951, சரவாக்குக்கு 12 டிசம்பர் 1949. அரசியலமைப்பே உச்ச சட்டம் என்கிற விதி 4(1), அதைத் திருத்த விதி 159(3) கேட்கிற மூன்றில் இரண்டு பங்கு. இதையெல்லாம் சின்ன அட்டையில் எழுதி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது புரட்டினாலே போதும். நல்ல நேரத்தை இதற்குச் செலவழிக்காதே.

*

லயத்துவீடு | மூன்றாம் நாள், இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் போடாமல் முதலில் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

முதல் நாள் கட்டம் போட்டேன். இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு அப்பா கிளம்பும்போதே எழுந்து, புத்தகத்தை மூடிவைத்து, ஏற்பு பற்றிய ஒரு பழைய கேள்விக்கு 40 நிமிஷம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் எனக்கு எது தெரியவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. ரத்து செய்வது பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஏற்பு நன்றாகத் தெரிந்தது. இத்தனை நாளும் “ஒப்பந்தச் சட்டம் தெரியவில்லை” என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். தெரியாதது ஒரு நிரைதான்.

இன்றைக்கு அக்கா சொன்ன மெட்ராஸ் வழக்கைப் படித்தேன். மத்தியானம் பாட்டி வாசலில் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லிப் பார்த்தால் நிற்கும் என்று, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “பாட்டி, ஒரு அம்மா மகளுக்கு நிலம் எழுதிக் கொடுக்கிறாங்க. ஆனா நம்ம சொந்தத்துக்கு வருஷா வருஷம் இவ்வளவு பணம் நீ கொடுக்கணும்னு சொல்லிக் கொடுக்கிறாங்க. மகளும் அந்தச் சொந்தத்துக்கிட்டே தர்றேன்னு எழுதிக் கொடுத்திடுறாங்க. அப்புறம் தரமாட்டேங்கிறாங்க.”

பாட்டி கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. “அந்தச் சொந்தம் இவளுக்கு என்ன கொடுத்துச்சு?” என்று கேட்டார்.

“ஒன்னும் கொடுக்கல பாட்டி.”

“அப்போ இவ ஏன் கொடுக்கணும்?”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எதிர்த் தரப்பு வைத்த வாதமே அதுதான். பிரிவு 2(டி)இல் மறுபயன் வாக்குப் பெற்றவரிடமிருந்தோ “வேறு எவரிடமிருந்தோ” வரலாம் என்று இருப்பதைச் சொன்னேன், நிலத்தைக் கொடுத்த அம்மாதான் அந்த வேறு எவர் என்று சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அம்மா கொடுத்ததுக்கு இவ வாக்கு கொடுத்தா. அப்போ கொடுக்கத்தான் வேணும்” என்றார். ஐம்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. பதிலை எழுதுவது என்றால் என்ன என்று அந்த முறத்துக்குப் பக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது. சட்டத்தைச் சொன்னது நான், ஆளோடு ஒட்டவைத்தது பாட்டி.

சாயங்காலம் அதே தலைப்பில் கேள்வி எழுதினேன். மூன்று பக்கம்.

*

ஈப்போ_ரோடு | இரவு 9:52

தங்கச்சி, இதை நான் இரண்டு தடவை படித்தேன். பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல். அரசியலமைப்புக்கும் அவரிடமே உட்கார். இந்திரா காந்தி வழக்கைச் சொல்லிப் பார் (இந்தியப் பிரதமர் இல்லை, தகப்பன் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றியதை எதிர்த்துப் போன நம்ம ஊர்த் தாய்). 2018இல் கூட்டரசு நீதிமன்றம் விதி 12(4)ஐ எப்படிப் படித்தது, பிள்ளைகளின் மதத்தை முடிவுசெய்யத் தாய் தகப்பன் இரண்டு பேர் சம்மதமும் வேண்டும் என்று ஏன் சொன்னது என்று. அதே வழக்கு 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றத்திலும் தாய் பக்கம்தான் தீர்ந்தது, 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது, பிறகு மேலே போனது. மூன்று படியையும் வரிசையாகச் சொல்ல வந்துவிட்டால் நீதிமன்ற அமைப்புக் கேள்விக்கும் அது உதவும். பாட்டி கேட்கிற கேள்வியை எழுதிவை.

*

நீலமை | இரவு 10:10

நானும் இன்றைக்கு டோர்ட்டில் ஒரு கேள்வி எழுதினேன். டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன், 1932, நத்தை, இஞ்சிப் பானப் புட்டி எல்லாம் ஞாபகம் இருந்தது. “அண்டை வீட்டார்” கொள்கையை (நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்கள் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பது) கேள்வியில் இருக்கிற ஆளுக்குப் பொருத்தும்போது மட்டும் கை நின்றுவிட்டது. டீச்சர் சொன்னது சரி. ஆனால் குறிப்பு எழுதுவதை விடவில்லை, எழுதிய பிறகு விட்டுப்போனதை மட்டும் எழுதுகிறேன். குறிப்பு கால்வாசிதான் வருகிறது.

ஒன்று கேட்கலாமா? வீட்டில் என்னைக் கூப்பிட ஆள் இல்லை, நான் வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். எழுந்திருப்பதே பெரும்பாடு.

*

நிரைக்காரன் | இரவு 10:25

அப்போ இங்கேயே பெரட்டு வைப்போம். நாளையிலிருந்து காலை ஐந்தரை. வந்ததும் இந்த இழையில் ஒரு வரி: இன்றைய நிரை என்ன. ஒரு நிரை, கூடிப்போனால் இரண்டு. போட்டதும் போனை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். ராத்திரி வந்து முடிந்தது, முடியவில்லை என்று மட்டும் சொல்லலாம், காரணம் கேட்கமாட்டோம். வராதவரை நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்.

வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பார் அப்பா. நமக்கும் வீடு விழித்துக்கொள்வதற்கு முன்னால் கிடைக்கிற நேரம்தான் நேரம்.

*

நிரைக்காரன் | காலை 5:28

வந்துட்டேன். நிரை: சாட்சியச் சட்டம் பிரிவு 27, பழைய கேள்வி ஒன்று.

*

கிராணி_மகன் | காலை 5:31

இருக்கேன். நில உரிமை, டான் யிங் ஹோங் வழக்கு 2010, அது முந்தைய அடோர்னா வழக்குத் தீர்ப்பை ஏன் தவறு என்றது, ஒரு பக்கம், பாராமல்.

*

லயத்துவீடு | காலை 5:33

இருக்கேன். அப்பா இப்போதுதான் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நிரை: முன்மொழிவை ரத்து செய்வது, பிரிவு 5, பிரிவு 6, 40 நிமிஷம். பாட்டியும் எழுந்துவிட்டார், இன்றைக்கு என்ன கதை என்று கேட்கிறார்.

*

நிரைக்காரன் | காலை 5:45

நீலமை?

*

நீலமை | காலை 5:47

இருக்கேன், இருக்கேன். டோர்ட், கவனக் கடமை, கேள்வி 2.